வாயிற்கதவுக்கு அப்பால் ஏழு மைல்

கோடை நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே மலையைப் பற்றியவையாக இருப்பதால், மற்றக் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, கலிபோர்னியா மாகாணத்தின் கிழக்கோரத்தில், பாலைநிலத்தினின்று 14,252 அடி உயரத்திற்கு எழும்பி நிற்கும் ஒயிட் மவுண்டன் சிகரத்திற்கே இப்பகுதி முழுவதையும் இம்முறை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: உச்சிவரை மண்சாலை போட்டிருக்கிறார்களாமே! அப்படியானால் இது மலையேற்றமா, மாலை நேர உலாவா? (ஃப்ரீமாண்ட் வாசகர்)

சாலை இருப்பது உண்மைதான். ஆனால் அது உலாவச் செல்வோரை உத்தேசித்துப் போடப்பட்டதன்று. உயர்ந்த பிரதேசங்களில் மனித தேகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராயும் பொருட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1950-இல் இம்மலைமீது தங்கள் பணியைத் தொடங்கி, 12,470 அடி உயரத்தில் பார்க்ராஃப்ட் நிலையத்தையும், பின்னர் 1955-இல் சிகரத்தின் உச்சியிலேயே கல்லாலான ஒரு சிறு கட்டடத்தையும் எழுப்பினார்கள். பிராணவாயு குறைந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்று அறிவதற்காக, 1920-இல் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கண்ணாடி அறைக்குள் தாமே ஆறு நாள் அடைபட்டுக் கிடந்த ஜோசப் பார்க்ராஃப்ட் என்னும் விஞ்ஞானியின் பெயரையே அந்த நிலையம் தாங்கி நிற்கிறது என்றால், சாலை உங்களை எத்தகைய இடத்திற்கு அழைத்துச் செல்கிறது என்பது விளங்கும். மூச்சுத் திணறலைப் படிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த மலை அது!

நிலையத்துக்கு இரண்டு மைல் இப்பால், ஏறக்குறைய 11,700 அடி உயரத்தில், பூட்டிய கதவொன்று சாலையின் குறுக்கே நிற்கிறது. வழக்கமாகக் கோடையில் ஒரு நாள் மட்டும் அதைத் திறந்து நிலையம்வரை வண்டிகளை விடுவதுண்டு; அந்த நாள் எது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மற்ற நாட்களில் கதவிலிருந்து உச்சிக்கு ஏழு மைல், திரும்பி வர ஏழு மைல், ஆகப் பதினான்கு மைலும் கால்நடைதான். கயிறு வேண்டாம், கொக்கி வேண்டாம், பாறையைப் பற்றித் தொங்கவும் வேண்டாம். ஆனால் உச்சியில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையிற் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும். சுலபமான சாலை, கடினமான காற்று: இந்த மலையின் விருத்தாந்தம் முழுவதும் இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும் புறப்பட்டு, சனிக்கிழமை உச்சியைத் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைக்கலாமா? (லாஸ் ஏஞ்சலஸ் வாசகர்)

துணி துவைக்கலாம், உச்சியைத் தொடுவதுதான் சந்தேகம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 395-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே பிக் பைன் என்னும் சிற்றூர் சுமார் 250 மைல். இரவு நடுநிசிக்கு அங்கே போய்ச் சேர்ந்து, நாலு மணி நேரம் உறங்கி, விடியுமுன் வண்டியை முடுக்கினால், கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய ஒரு தேகத்தைப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். நுரையீரலும் இரத்தமும் அந்த மாறுதலுக்கு இசைந்து கொடுக்க அவகாசம் கேட்கின்றன. எத்தனை வாட்டசாட்டமானவராயினும், தினந்தோறும் ஐந்து மைல் ஓடுகிறவராயினும், இந்த அவகாசத்தை யாரும் விலை கொடுத்து வாங்க முடியாது. எட்டாயிரம் அடிக்கு மேல் வேகமாக ஏறுகிறவர்களுக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை வருவது சர்வ சாதாரணம். வாலிப வயதும் திடகாத்திரமும் இதற்குக் காப்பு அல்ல. சொல்லப் போனால், பலசாலிகளே விரைந்து ஏறி விரைவில் படுத்துவிடுகிறார்கள்.

ஆகையால் நாம் சொல்லும் திட்டம் இது. வெள்ளி இரவு 4,150 அடி உயரத்திலுள்ள பிஷப் நகரில் தங்குங்கள். சனிக்கிழமை சாவகாசமாக எழுந்து, மலைமேல் ஷுல்மன் தோப்புக்குச் சென்று, ஆயிரக்கணக்கான ஆண்டு வயதான பைன் மரங்களைப் பார்த்து, அவற்றினிடையே மெல்ல நடந்து, அன்றிரவு 8,600 அடி உயரத்திலுள்ள கிராண்ட்வியூ முகாமிடத்தில் கூடாரம் போடுங்கள். அங்கே தண்ணீர் கிடையாது, முன்பதிவும் கிடையாது. முந்தி வந்தவருக்கே இடம். பகலில் உயர ஏறிவிட்டு இரவில் சற்றுத் தாழ இறங்கித் துயில்வது உடம்புக்கு மிகவும் உகந்த உபாயம். ஞாயிறு விடியற்காலையில் சிகரத்திற்குப் புறப்படுங்கள். திங்கட்கிழமை வீடு திரும்புங்கள். ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தால் போதும். சிகரத்திற்கு எந்த அவசரமும் இல்லை. அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நடக்கும்போது கால் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, உட்கார்ந்திருக்கையிலும் மூச்சு வாங்கி இருமல் வந்தாலோ, அது களைப்பு அன்று. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும் அபாயத்தின் அடையாளம். அதற்கு உடனடிப் பரிகாரம், அந்த க்ஷணமே கீழே இறங்குவது. உச்சி இன்னும் அரை மைல்தான் என்பது அப்போது ஒரு காரணமே ஆகாது. முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரைகளும் உண்டு. அவற்றைப் பற்றி உங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது சாதாரணக் கார். மலைப்பாதையில் போகுமா? மின்சாரக் காராயிருந்தால்? (சான் ஓசே தம்பதியர்)

போகும், நிதானமாகப் போனால். பிக் பைனிலிருந்து 168-ஆம் எண் சாலையில் கிழக்கே பதின்மூன்று மைல். அங்கிருந்து வடக்கே பிரியும் ஒயிட் மவுண்டன் சாலையில் ஷுல்மன் தோப்புவரை பத்து மைல். இதுவரை நல்ல தார்ச்சாலை. அதற்கு மேல் பூட்டிய கதவுவரை பதினாறு மைலும் சரளைக்கல் பாதை. அந்தச் சரளையின் கற்கள் ஆற்று மணலில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள் அல்ல. நேற்று உடைத்துப் போட்டாற்போல் விளிம்பு கூரான சில்லுகள். டயரின் பக்கவாட்டைக் கிழிப்பதில் அவை சமர்த்து. ஆகவே பின்பெட்டியைத் திறந்து, மாற்று டயர் இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்தவர் வண்டியில் இருக்கிறாரா என்ற நான்கையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். மலைமேல் பெட்ரோல் பங்க் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, பெரும்பாலான இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞையும் இல்லை.

பெட்ரோல் எஞ்சின் நம்மைப் போலவே மூச்சு விடும் பிராணி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் பலத்தை இழந்து, கதவை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கைப் பறிகொடுத்திருக்கும். ஆகையால் வண்டி முனகினால் கவலைப்படாமல் கீழ்க் கியரில் ஓட்டுங்கள். மின்சார வண்டிக்கு இந்த மூச்சுத் தொல்லை இல்லை. ஆனால் ஏழாயிரத்தைந்நூறு அடி ஏற்றம் சார்ஜைத் தாராளமாக விழுங்கும். இறங்கும்போது அதிலொரு பகுதிதான் திரும்பி வரும். மேலும், பல மின்சார வண்டிகளில் மாற்று டயரே வைப்பதில்லை. நம்மைக் கேட்டால், அந்தப் பதினாறு மைலுக்கு நண்பரொருவரின் பழைய, உயரமான, மாற்று டயருள்ள வண்டியை இரவல் வாங்கிக்கொள்வதே உசிதம்.

கேள்வி: பாலைவனத்துக்குப் போகிறவனுக்குக் கம்பளித் தொப்பி எதற்கு? (சாக்ரமென்டோ வாசகர்)

ஜூலை மாதத்தில் பிஷப் நகரில் பாரன்ஹீட் 100 டிகிரியை நெருங்கும் வெயிலில் தொப்பியை மூட்டையில் வைத்திருங்கள். அன்றைக்கே சிகரத்தில் அதை எடுத்து அணிந்த பிறகு, இந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக் கடிதம் போடுவீர்கள்.

கேள்வி: ஒரு பக்கம் பனி மூடிய சியரா மலை, எதிரே இப்படி ஒரு வறட்டு மலை. இடையில் பத்துப் பதினைந்து மைல்கூட இல்லையே, இதென்ன பாரபட்சம்? (பாசடீனா வாசகி)

பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்கள் சியரா நெவாடாவின் மேற்குச் சரிவில் ஏறுகையில் குளிர்ந்து, சுமந்து வந்த நீரின் பெரும்பகுதியை அங்கேயே பெய்துவிடுகின்றன. நெடுஞ்சுவரைத் தாண்டிக் கிழக்கே வருவது ஏறத்தாழ வெறுங்கை மேகம். அந்த மழை மறைவில் நிற்கும் ஒயிட் மலைத்தொடருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் ஓரடி நீர்தான். அதிலும் பெரும்பகுதி பனியாகவே விழுகிறது.

ஆனால் பாரபட்சம் என்ற சொல்லை நீங்கள் எடுத்துவிட்டதால் ஒன்று சொல்கிறோம். இரு மலைகளுக்கும் இடையிலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வறண்டது இயற்கையின் செயலால் மட்டும் அன்று. அங்கே ஆதியில் வாழ்ந்த, இன்றும் வாழ்கின்ற பாயூட் மக்கள் சியராவிலிருந்து வழிந்த ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பிப் பாசனம் செய்துவந்தார்கள். 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 233 மைல் நீளமான கால்வாய் அமைத்து அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்று நீரைத் தனக்குத் திருப்பிக்கொண்டது. பம்பு ஒன்றுகூட இல்லாமல் வாட்டத்தை நம்பியே நீரைக் கொண்டுசென்ற அந்தக் கட்டுமானம் பொறியியலில் ஓர் அற்புதம் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் ஆறு சென்று சேர்ந்த ஓவன்ஸ் ஏரி பதினைந்து ஆண்டுகளுக்குள் வறண்டது. அதன் உப்புப் படுகையிலிருந்து எழுந்த புழுதி பல தலைமுறைகளின் சுவாசத்தைக் கெடுத்தது. பிற்காலத்தில் அந்நகரமே அங்கே நீர் விட்டுப் புழுதியை அடக்க வேண்டியதாயிற்று. தெற்கிலிருந்து வருகிறவர்கள் 395-இல் வலப்புறம் அந்த ஏரியைக் காண்பார்கள். அங்கே ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்; லாஸ் ஏஞ்சலஸ் நகர வீட்டுக் குழாய்களில் வரும் நீரில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருவது.

கேள்வி: பேரனைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், 'நானும் வருகிறேன்' என்கிறார். வயது அறுபத்திரண்டு. எப்படி மறுப்பது? (சன்னிவேல் வாசகி)

ஏன் அம்மா மறுக்க வேண்டும்? அவருடைய ஆசை நல்ல ஆசை. இருதயம், இரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவற்றைப் பற்றி வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தடையில்லை என்றால் ஷுல்மன் தோப்புவரை அழைத்துச் செல்லுங்கள். அதுவும் பத்தாயிரம் அடி உயரம்தான். ஆனால் தார்ச்சாலை வாசல்வரை போகிறது. சுமார் ஒரு மைல் சுற்றும் சிறு நடைபாதையொன்றும் இருக்கிறது. சுற்ற முடியாவிட்டால், தொடக்கத்திலேயே நின்று பார்த்தாலும் மூவாயிரம், நாலாயிரம் ஆண்டு வயதான விருட்சங்களின் சந்நிதியில்தான் நிற்பார். வழியில் சியராவை நோக்கி அமைந்த காட்சிமுனையில் இறக்கிவிட்டால், எதிர்க்கரை முழுவதும் சிகரங்கள் வரிசையாகத் தெரியும். வண்டியை விட்டு இறங்கியதும் வேகமாக நடக்க விடாதீர்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இரவு தங்குவது பிஷப் நகரிலேயே ஆகட்டும். நீங்கள் சிகரம் ஏறும் நாளில் அவருக்குத் துணையாக வீட்டார் ஒருவர் கீழே இருக்க வேண்டும். அந்த ஒருவர் அவருடைய மகனாக இருப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: மலையில் சமைக்கலாமா? தயிர்சாதம் தாங்குமா? (ஓக்லண்ட் வாசகர்)

தண்ணீர் கிராண்ட்வியூ முகாமில் 91 டிகிரி செல்சியஸிலும், சிகரத்தில் 86 டிகிரி சுமாரிலும் கொதித்துவிடும். பார்ப்பதற்குத் தளதளவென்று கொதித்தாலும் சூடு போதாமையால், துவரம்பருப்பு எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் அந்தப் பக்கம் அரிசி களைய வேண்டாம். கலிபோர்னியாவில் காட்டுப் பகுதியில் சிறு அடுப்பு மூட்டுவதற்கும் இலவச அனுமதிச்சீட்டு ஒன்று தேவை. அதை முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே கிளறிய புளியோதரைதான் நமது சிபாரிசு. உயரத்தில் பசி மந்திக்கும். எண்ணெய்ப் பலகாரம் தொண்டையில் இறங்காது. ஆனால் புளிப்பும் காரமுமாக ஒரு கவளம் வாயிற் பட்டால் நாக்கு விழித்துக்கொள்ளும். தயிர்சாதம் முதல் நாள் பகலுக்குச் சரி; வெயிலில் நின்ற வண்டியில் மறுநாள்வரை வைத்திருந்தால் அது தயிர்சாதமாக இராது. சிப்ஸ் பொட்டலங்கள் ஏற ஏறப் பலூன்போல் உப்பும். வெடித்தால் திடுக்கிட வேண்டாம். நடைக்கு மட்டும் ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் தோளில் இருக்க வேண்டும். வண்டியில் இன்னும் ஒரு பெரிய கேன். வழியில் சுனை கிடையாது.

கேள்வி: எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்கவேண்டும்? வழி எப்படி இருக்கும்? (சான் டியேகோ வாசகர்)

கதவருகே கிழக்கு வெளுக்கும்போது உங்கள் கால் நகர்ந்திருக்க வேண்டும். நண்பகலில் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காலையில் கறையே இல்லாத ஆகாயம், பிற்பகல் இரண்டு மணிக்கு இடியும் மின்னலுமாக மாறிவிடும். மரம் முழுவதும் கீழே நின்றுபோன அந்த மொட்டை மேட்டில் பல மைல் சுற்றளவுக்கு உயரமான பொருள் நீங்கள் ஒருவரே. மேகம் திரளக் கண்டால் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

முதல் இரண்டு மைல் நிலையத்திற்கு. அங்கிருந்து சற்று ஏறினால் வானாராய்ச்சிக்கென்று கட்டிய ஒரு குவிமாடம். அதன் அருகே வந்ததும் சிகரம் முழு உருவத்துடன் எதிரே தோன்றும். வெள்ளை மலை என்ற பெயரை நம்பி வெண்மையைத் தேடுவோர் இங்கேதான் வியப்படைவார்கள். கோடையில் சிகரம் கறுப்பும் செம்மண் நிறமும் கலந்த எரிமலைப் பாறையாகவே நிற்கிறது. பிறகு பரந்த மேட்டுச் சமவெளி. விரலுயரம்கூட வளராமல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் மெத்தைச் செடிகள். குனிந்து பார்த்தால்தான் தெரியும் கடுகளவு பூக்கள். கற்குவியலின்மேல் பருத்த மலையணிலாகிய மார்மட் உட்கார்ந்து வெயில் காயும். அதிர்ஷ்டமிருந்தால் காட்டுச் செம்மறிக் கூட்டமும் தென்படும். இரண்டுக்கும் தீனி போடாதீர்கள்.

சிகரத்தின் அடிவாரத்துக்கு முன்னால் பாதை சில நூறு அடி இறங்குகிறது. ஏறும்போது இன்பமாக இருக்கும் அந்த இறக்கம், திரும்பி வருகையில், கால்கள் ஓய்ந்த நேரத்தில், ஏற்றமாகி உங்கள் முன் நிற்கும். பலத்தின் கடைசித் துளியை உச்சியிலேயே செலவிட்டுவிட வேண்டாம் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான். கடைசி இரண்டு மைல் வளைந்து வளைந்து ஏறும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு நின்றால் கால்களும் நிற்கட்டும். போய்வர எட்டு முதல் பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்குப் பதில் விட்னி சிகரத்துக்கே போய்விடலாமே? (அர்வைன் வாசகர்)

போகலாம், குலுக்கலில் அனுமதிச்சீட்டு விழுந்தால். விட்னி 250 அடி சுமார் உயரம் அதிகம். நடை 22 மைல். ஒயிட் மவுண்டனுக்கு ஒரு நாள் நடைக்குச் சீட்டும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். முதன்முதலாகப் பதினாலாயிரம் அடி ஏறுகிறவருக்கு இதுவே சிறந்தது என்பது நமது முடிவு.

கேள்வி: உலகத்திலேயே வயதான மரம் அங்கேதான் இருக்கிறதாம். எது என்று சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன். (கூப்பர்டினோ மாணவர்)

தம்பி, அது எது என்பதை வனத்துறையார் சொல்வதில்லை. தெரிந்திருந்தாலும் நாமும் சொல்லமாட்டோம். மெதூசலா என்று பெயரிடப்பட்ட அந்த பிரிசில்கோன் பைன் மரத்திற்கு 1957-இல் எட்மண்ட் ஷுல்மன் மெல்லிய துளைக்கருவியால் உட்சதையை எடுத்து வளையங்களை எண்ணியபோது 4,789 வயது. அம்மனிதர் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை 1958 மார்ச்சில் அச்சாகி வருமுன்பே, ஐம்பது வயதுகூட நிறையாமல் காலமானார். நாலாயிரம் ஆண்டு ஆயுளை எண்ணிக் காட்டியவருக்கு விதி அளந்தது அவ்வளவுதான்.

இரகசியத்திற்குக் காரணம் இருக்கிறது. 1964-இல் நெவாடாவின் வீலர் சிகரத்தில் இதே ஜாதி மரம் ஒன்றை, முறையான அனுமதியுடனேயே, ஆராய்ச்சிக்காக ஒரு மாணவர் வெட்டினார். விழுந்த பிறகு எண்ணிப் பார்த்தால் 4,800-க்கு மேற்பட்ட வளையங்கள். வெட்டிய மரத்தை யாராலும் நட முடியவில்லை.

நீ மெதூசலாவைத் தேடாதே; எந்த மரத்தின் அருகிலும் பத்து நிமிஷம் நில். சத்தற்ற வெண்ணிறச் சுண்ணப் பாறையில், வேறெந்த மரமும் போட்டிக்கு வராத இடத்தில், அடிமரத்தின் பெரும்பகுதி பட்டுப்போய்க் காற்றும் பனித்தூளும் இழைத்து மெருகேற்றிய கட்டையாக நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் சாணகலப் பட்டை வேரிலிருந்து மேலே ஓடும். அதன் முடிவில் ஒரே ஒரு கிளை பசேலென்றிருக்கும். ஊசியிலைகள் ஐந்தைந்தாகக் கூடிக் கிளையை நெருக்கமாகப் போர்த்தியிருக்கும். முப்பது ஆண்டுக்கு மேலும் உதிராத இலைகள் அவை. உன்னைவிட மூத்த இலையை அங்கே நீ காணலாம். அதைப் படம் எடுத்து அனுப்பு, பிரசுரிக்கிறோம்.

கேள்வி: தரையில் சும்மா கிடக்கும் ஒரு மரத்துண்டை ஞாபகார்த்தமாக எடுத்து வரலாமா? செத்த கட்டைதானே! (சான் ரமோன் வாசகர்)

கூடாது, ஐயா. மழை குறைந்து குளிர் மிகுந்த அந்த உயரத்தில் பிசின் நிறைந்த கட்டை எளிதில் மக்குவதில்லை. விழுந்த பின்னும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. உயிருள்ள மரத்தின் உள்வளையங்களையும் செத்த மரத்தின் வெளிவளையங்களையும் அகலம் பார்த்துப் பொருத்தி, ஆண்டு தவறாத கணக்கொன்றை ஆராய்ச்சியாளர்கள் எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் அப்பால் கொண்டு சென்றிருக்கிறார்கள். புராதனப் பொருள்களின் காலத்தைக் கரியணுவைக் கொண்டு கணிக்கும் முறையில் இருந்த பிழை இந்தக் கட்டைகளை வைத்தே திருத்தப்பட்டது. உங்கள் காலடியில் கிடக்கும் சாணளவுத் துண்டு, வேறெங்கும் பதிவாகாத ஒரு நூற்றாண்டின் ஏடாக இருக்கக்கூடும். அங்கிருந்து கட்டையை எடுப்பது சட்டப்படியும் குற்றம். படம் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டையைக் கிடந்த இடத்திலேயே, கிடந்தபடியே விட்டுவிட்டு வாருங்கள். உடன் வரும் குழந்தைகளின் சட்டைப்பைகளையும் வண்டியில் ஏறுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.